நாட்பட்ட நோவும் மூளைப் படமும்

முள் தைத்தால் கால் நோகிறது. முள்ளை எடுத்துவிட்டால் நோவு அடங்குகிறது. இஃது யாவரும் அறிந்ததே. ஆனால், புண் ஆறிப் பல திங்கள் கடந்த பின்னும் நோவு நீங்காதிருந்தால் அதனை என்னென்பது? எக்ஸ்ரே படத்தில் குறையொன்றும் தென்படவில்லை. நோயாளியோ, "நோகிறது" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். இத்தகையோரை, "எல்லாம் மனப்பிரமை" என்று வீட்டாரும், சில வேளைகளில் மருத்துவருங்கூட ஒதுக்கிவிடுவதுண்டு. மூன்று திங்களுக்கு மேல் நீடிப்பதை நாட்பட்ட நோவு என மருத்துவ நூலார் வகுத்துள்ளனர். அது மெய்யா, பொய்யா என்னும் வழக்கில் மூளைப் படமும் ஒரு சாட்சியாக வந்து நிற்கிறது.

1664இல் வெளிவந்த பிரெஞ்சு அறிஞர் தெகார்த்தின் நூல், நோவைக் கோயில் மணிக்கயிறு போலக் கருதியது. காலைத் தீச் சுட்டால் நரம்பு இழுபடும். மூளையில் மணி ஒலிக்கும். தீ இல்லையேல் ஒலியும் இல்லை. இக்கருத்து நெடுங்காலம் நிலவியது. 1965இல் கனடியரான மெல்சாக்கும் ஆங்கிலேயரான வாலும், தண்டுவடத்தில் ஒரு வாயில் இருப்பதுபோல் நோவுச் செய்தி தடுக்கப்படவோ விடப்படவோ கூடும் என்றும், அவ்வாயிலைத் திறப்பதிலும் அடைப்பதிலும் மூளைக்குப் பங்குண்டு என்றும் உரைத்தனர். அங்ஙனமாயின் மூளையையே பார்த்துவிட வேண்டுமன்றோ?

அதற்கு வழி பின்னரே பிறந்தது. மூளையின் எப்பகுதி உழைக்கிறதோ அப்பகுதிக்கு இரத்தம் மிகுதியாகப் பாய்கிறது. பிராணவாயுவை ஏந்திய இரத்தமும், அதனை இழந்த இரத்தமும் காந்தத்தின்முன் வேறுவேறாக நடந்துகொள்கின்றன. இவ்வேறுபாட்டைக் கொண்டே படமெடுக்கலாம் என 1990இல் ஜப்பானியரான செய்ஜி ஒகாவா காட்டினார். எம்.ஆர்.ஐ. படங்களில் காணும் சிவப்பும் மஞ்சளும் கணக்கிட்டுத் தீட்டிய நிறங்களே. மூளைக்குள் விளக்கொன்றும் எரிவதில்லை.

1997இல் மொண்ட்ரியால் அறிஞர்கள் பெட் என்னும் வேறொரு படமுறையைக் கையாண்டனர். சிலரை மனோவசியத்தில் ஆழ்த்தி, அவர்தம் கையைச் சுடுநீரில் வைத்து, அவ்வேதனை கொடிதென்றும் எளிதென்றும் மாறிமாறிச் சொல்லினர். நீரின் சூடு மாறவில்லை. உடலுணர்ச்சியை அறியும் மூளைப் புறணியிலும் பெரிய மாற்றமில்லை. துன்பவுணர்வோடு தொடர்புடைய முன்பகுதி ஒன்றே ஏறியும் இறங்கியும் காட்டிற்று. 'கால் நொந்தது' என்கிறோம்; 'நெஞ்சு நொந்தது' என்றும் சொல்கிறோம். உடலுக்கும் உள்ளத்துக்கும் ஒரே வினையை வழங்கும் தமிழருக்கு இம்முடிவு பெருவியப்பாய் இராது.

நாட்பட்ட நோவைப் பற்றிய பெருஞ்செய்தி 2004இல் சிகாகோவிலிருந்து வந்தது. அப்காரியன் குழுவினர் நெடுநாள் முதுகுநோவால் வருந்திய 26 பேரின் மூளையையும், நலமுடையார் 26 பேரின் மூளையையும் ஒப்பிட்டனர். நோயாளிகளிடம் மூளையின் சாம்பல்நிறப் பொருள் 5 முதல் 11 விழுக்காடு வரை குறைந்திருந்தது. இயல்பான மூப்பில் இவ்வளவு தேய 10 முதல் 20 ஆண்டுகள் செல்லும். தேய்ந்தது மீளாதோ என்னும் அச்சம் எழுந்தது. 2011இல் மொண்ட்ரியால் மக்கில் பல்கலைக்கழகத்தார், சிகிச்சையால் முதுகுநோவு தணிந்தவர்களை ஆறு திங்களுக்குப்பின் மீண்டும் படமெடுத்தபோது, மெலிந்திருந்த முன்மூளைப் பகுதி மீண்டும் தடித்திருக்கக் கண்டனர். எனவே அத்தேய்வில் ஒரு பகுதியேனும் நோவின் விளைவு என்று கொள்ளலாம்.

ஆயின், புதிதாக முதுகுநோவு கண்டவருள் ஒருவருக்கு அது தணிய, மற்றொருவருக்கு நிலைத்துவிடுவானேன்? சிகாகோ குழுவினர் அத்தகையோரை ஓராண்டு தொடர்ந்து ஆராய்ந்து 2012இல் ஒரு விடை பகர்ந்தனர். முன்மூளைக்கும், ஆசை, ஊக்கம் முதலியவற்றில் பங்குகொள்ளும் ஓர் உட்கருவுக்கும் இடையே தொடக்கத்திலேயே உறவு வலுத்திருந்தவர்களிடம் நோவு நிலைக்கும் வாய்ப்பு மிகுதி. புண்ணின் செய்தியாகத் தொடங்கியது, நாளடைவில் உணர்ச்சியும் நினைவும் இயங்கும் பாதைகளுக்குக் குடிபெயர்ந்துவிடுகிறது போலும்.

இவையெல்லாம் பலரைச் சேர்த்துக் கண்ட சராசரி முடிவுகள். 2016இல் வெளியான ஓர் ஆய்வில், பிறவியிலேயே நோவறியாத இருவரை அழுத்திக் குத்தியபோதும், 'நோவுப் பகுதிகள்' என்று பெயர்பெற்ற இடங்கள் ஏனையோரிடம் போலவே இயங்கின. ஆதலின் அவை இயங்குவது கொண்டே நோவு உண்டென்று துணிதல் ஆகாது. நட்டஈட்டு வழக்குகளில் இப்படங்களைச் சான்றாக நீட்டத் தொடங்கிய நிலையில், நோவு ஆராய்ச்சிக்கான அனைத்துலகச் சங்கம் அமைத்த குழு 2017இல், தனியொருவருக்கு நோவு உண்டு, இல்லை என்று தீர்ப்பளிக்க அவை போதிய நம்பகமுடையன அல்ல என உரைத்தது. மருத்துவர்கள் இன்றும், "பூச்சியம் முதல் பத்து வரை, உங்கள் நோவு எவ்வளவு?" என்று நோயாளியிடம் கேட்டே குறித்துக்கொள்கின்றனர்.