சிறுதொழிலும் இணையதளச் செலவும்

1948இல் அசோக் மோட்டார்ஸும் 1955இல் என்பீல்டு இந்தியாவும் தோன்றியபின், எண்ணூர், திருவொற்றியூர் வட்டாரத்தில் உதிரிபாகம் கடைந்து தரும் லேத்துப் பட்டறைகள் பெருகின. இன்று அத்தகைய பட்டறையார் புதிய வாடிக்கையாளரை நாடி இணையதளம் அமைக்க முனையுங்கால், "செய்துதர எவ்வளவு?" என்றே முதலில் வினவுகின்றனர். லேத்து வாங்குவோர் அதன் விலையோடு கணக்கை முடிப்பதில்லை. டூல், எண்ணெய், மின்கட்டணம், ஆள்கூலி ஆகியவற்றையும் எண்ணுவர். இணையதளத்திற்கும் அக்கணக்கே பொருந்தும்.

டொமைன் எனப்படும் முகவரிப் பெயருக்கும், தளத்தைத் தாங்கும் ஹோஸ்டிங் இடத்திற்கும் ஆண்டுதோறும் கட்டணம் உண்டு. முதலாண்டுச் சலுகை விலையைக் கண்டு மகிழ்வோர் இரண்டாமாண்டுக் கட்டணத்தையும் கேட்டறிதல் நன்று. இவற்றின்மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வரி வேறு, காம்போசிஷன் முறையில் வரி செலுத்துவோர் அதனைக் கழித்துக்கொள்ளவும் இயலாது. பூட்டுக்குறி தரும் பாதுகாப்புச் சான்றிதழையோ, லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அமைப்பு 2015 முதல் இலவசமாகவே வழங்கி வருகிறது. அதற்கெனத் தனித்தொகை கேட்போரிடம் காரணம் கேட்கலாம்.

இவை எல்லாவற்றினும் முதன்மையானது, டொமைன் யாருடைய பெயரில் பதிவாகிறது என்பதே. வடிவமைப்பவர் தம் பெயரில் பதிந்துகொண்டால், பின்னர்ப் பிணக்கு நேருங்கால் முகவரியும் கைவிட்டுப் போகும். புதுப்பிக்க மறந்த முகவரியையும், உரிய காலம் கடந்தபின், பிறர் பதிந்துகொள்ளலாம். பில் புத்தகத்தில் அச்சிட்ட முகவரி அந்நியருடையதாகும். அதனைச் சார்ந்த மின்னஞ்சலும் நின்றுபோகும். 10 ஆண்டுகள் வரை ஒருசேரப் பதிந்துகொள்ள வழியுண்டு.

தமிழெழுத்தில் '.இந்தியா' என முடியும் முகவரியும் பெறலாம். தமிழார்வலர்க்கு உவப்பானதே; ஆயின் வெளிமாநில வணிகர்க்கென ஆங்கில முகவரியும் வேண்டியிருத்தலின், ஆண்டுக்கட்டணம் இரண்டாகும்.