பிரசங்கியார் சொன்னால் வேதவாக்கா?

மைசூரில் தேவாலயங்களில் மட்டும் அல்ல, ரயில்வே குடியிருப்பு வீடுகளின் முன்கூடங்களிலும் தமிழ் ஜெபக் கூட்டங்கள் நடப்பது உண்டு. அப்படி ஒரு கூட்டத்துக்குப் போய் வந்த என் சக ஊழியர், சர்க்கரை வியாதி மாத்திரையை நிறுத்திவிட்டார்.

"ஏன் அண்ணே?" என்று கேட்டேன்.

"எண்ணெய் பூசி ஜெபித்தால் போதும். மருந்து சாப்பிடுவது அவிசுவாசம் என்று வேதத்திலேயே இருக்கிறதாம். பாஸ்டர் சொன்னார்" என்றார்.

யாக்கோபு நிருபம் 5-ம் அதிகாரத்தில் எண்ணெய் பூசி ஜெபிப்பது பற்றி இருப்பது உண்மை. மருந்து கூடாது என்று அங்கே ஒரு வார்த்தையும் கிடையாது. மாறாக, அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும் தீமோத்தேயுவிடம், வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார் பவுல் (1 தீமோத்தேயு 5:23). கைவைத்தியம்தானே அது? பக்கத்தைத் திறந்து காட்டினேன். அண்ணன் பதில் பேசவில்லை.

ஏவாள் தின்றது ஆப்பிள் என்கிறார்கள். ஆதியாகமத்தில் கனி என்றுதான் உள்ளது. குழந்தை இயேசுவைக் காண வந்த சாஸ்திரிகள் மூவர் என்கிறார்கள்; மத்தேயு எண்ணிக்கையே சொல்லவில்லை. காணிக்கை மூன்று வகை, ஆகவே ஆளும் மூன்றாகிவிட்டது! இவற்றால் யாருக்கும் நஷ்டம் இல்லை. மருந்து விஷயம் அப்படி அல்ல. தேதி குறிப்பதும் அப்படி அல்ல.

ஐந்தரை வருடக் கெடு

பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்த ராமய்யன், 1861-ல் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்று ஜஸ்டஸ் ஜோசப் ஆனார். திருவிதாங்கூரில் சர்ச் மிஷன் சங்கத்தின் குருவாகவும் இருந்தார். 'வித்துவான் குட்டி' என்று அழைக்கப்படும் அளவுக்குப் புலமை. அவருடைய பாட்டுகளை மலையாளச் சபைகள் இன்றும் பாடுகின்றன.

அவர்தான் 1875-ல், கிறிஸ்து 1881-ல் திரும்பி வருவார் என்று அறிவித்தார். நம்பிப் பின்னால் போனவர்களுக்கு 'அஞ்சரக்கார்' (ஐந்தரை வருடக்காரர்) என்று ஊரார் பெயர் வைத்தனர்.

1881 வந்தது, போனது. கிறிஸ்து ஆவியில் வந்துவிட்டார் என்று விளக்கம் தரப்பட்டு, 'யுயோமயம்' என்ற புதிய மார்க்கமே உண்டாயிற்று. 1887-ல் அவர் காலமானார்.

அந்த நாளைப் பிதா ஒருவரே அறிவார் என்ற கருத்து மத்தேயு 24:36-ல் பச்சையாக இருக்கிறது. வித்துவான் அதைப் படிக்காமலா இருந்திருப்பார்? கூடியிருந்தவர்களில் ஒருவராவது எழுந்து கேட்டிருக்கலாம். 2011-ல் அமெரிக்க வானொலிப் பிரசங்கி ஹரால்ட் கேம்பிங் மே 21 என்று தேதி குறித்தபோதும் இதே கதைதான். வேலையை விட்டவர்கள், சேமிப்பைச் செலவழித்தவர்கள் உண்டு.

பெரோயா பட்டணத்தார், பவுல் சொன்னதையே தினமும் வேதத்தோடு ஒத்துப் பார்த்தார்களாம். அப்போஸ்தலருடைய நடபடிகள் 17:11 அவர்களைக் குறை சொல்லவில்லை, மெச்சுகிறது. சீகன்பால்கு 1714-15-ல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டதும் அவரவர் கையில் இருந்து படிக்கத்தானே?

அண்ணன் இப்போது மாத்திரை சாப்பிடுகிறார். கூட்டத்துக்கும் போகிறார். சென்ற வாரம் பாஸ்டர் வசன எண் சொன்னதும் இவர் பக்கத்தைப் புரட்டத் தொடங்க, முன் வரிசையில் இரண்டு பேர் திரும்பி முறைத்தார்களாம். அண்ணி சொன்னார்.