மோதும் மூலக்கூறுகள் எத்தனை?

நீர் உண்டாகும் சமன்பாட்டில் ஹைட்ரஜன் மூலக்கூறுகள் இரண்டும் ஆக்ஸிஜன் மூலக்கூறு ஒன்றும் நிற்பதால், அக்கிரியையின் மூலக்கூறு எண் மூன்று என்று எழுதலாமா எனக் கல்லூரியில் பயிலும் வாசகர் ஒருவர் வினவியிருக்கிறார். எழுதலாகாது. மூலக்கூறு எண் என்பது கிரியையின் தனித்த ஒரு படியில் உண்மையாகவே கலந்துகொண்டு உருமாறும் துகள்களின் தொகை. அது ஒன்றாகவோ இரண்டாகவோ இருப்பதே வழக்கம், மூன்று மிக அபூர்வம். சமன்பாடோ கல்யாண வீட்டு மொய் நோட்டைப் போன்றது: யார் எவ்வளவு கொடுத்தார் என்பதைத் தவறாமல் சொல்லுமேயன்றி, யார் யாரோடு வந்தார், வழியில் எங்கே தங்கினார் என்பதைச் சொல்லாது. ஹைட்ரஜன் எரிகையில், அற்பாயுள் படைத்த அணுக்களும் துண்டுகளும் இடையிடையே தோன்றி மறைய, பல படிகள் ஒன்றையொன்று தொடர்கின்றன.

இவ்விஷயத்தில் என் மனத்தை நெடுங்காலமாகக் கவர்ந்திருப்பது ஹைட்ரஜனும் அயோடினும் கூடும் கிரியை. ஜெர்மானிய ரசாயன அறிஞர் மாக்ஸ் போடன்ஸ்டைன் 1890-களில் அதை அளந்து, இரு வாயுக்களில் எதன் செறிவை இரட்டித்தாலும் வேகமும் இரட்டிக்கிறது என்று நிலைநாட்டினார். ஆகவே வகைக்கு ஒன்றாக இரு மூலக்கூறுகள் நேரே மோதுகின்றன என்று பாடநூல்கள் தலைமுறை தலைமுறையாக உபதேசித்து வந்தன. 1967-இல் அமெரிக்க விஞ்ஞானி சல்லிவன், வெறும் வெப்பத்தால் கிரியை விரைந்து நடவாத தணிந்த உஷ்ணநிலையில், அயோடினை அணுக்களாகப் பிளக்கும் ஒளியைக் கலவையின்மேல் பாய்ச்சினார். ஹைட்ரஜன் அயோடைடு விளைந்த வேகம் அயோடின் அணுச் செறிவின் வர்க்கத்தைப் பின்பற்றியது. அவ்வேகத்தை உயர்ந்த உஷ்ணநிலைக்கு நீட்டிக் கணித்தபோது பழைய அளவுகளோடும் இயைந்தது. அயோடின் முதலில் ஈரணுக்களாகப் பிரிய, அவ்விரண்டும் சேர்ந்தோ அடுத்தடுத்தோ ஹைட்ரஜனைத் தாக்குகின்றன என்று அவர் முடிவு கட்டினார். விந்தை யாதெனில், சூட்டில் சமநிலை எய்திய அணுச் செறிவின் வர்க்கம் மூலக்கூறின் செறிவுக்கு நேர்விகிதமாதலால், இவ்வழியே கணக்கிட்டாலும் போடன்ஸ்டைன் கண்ட அதே விதிதான் கிட்டுகிறது!

வேகம் பிரத்தியட்சம், மூலக்கூறு எண் அனுமானம், ஒரே பிரத்தியட்சத்துக்குப் பல அனுமானங்கள் பொருந்தக்கூடும். இந்த நியாயத்தை நம் வினாத்தாள்கள் பொருட்படுத்துவதில்லை. சமன்பாட்டின் எண்களைக் கூட்டிப் போட்டவனுக்கு மதிப்பெண்ணும், நடந்தது என்ன என்று யோசித்தவனுக்குத் தாமதமும் பரிசாகக் கிடைக்கும் கல்வியில் ரசாயனம் வெறும் கூட்டல் கணக்காகிவிடுகிறது. எனவே, ஒரு கிரியையின் மூலக்கூறு எண் யாது என்று எவரேனும் கேட்டால், எந்தப் படிக்கு என்று பணிவோடு திருப்பிக் கேட்க மாணவர்கள் தயங்க வேண்டியதில்லை.