படைப்புப் பணிக்கு எந்த மடிக்கணினி? கட்டுறுதியும் வேகமும் – ஓர் ஒப்பீடு



சென்ற பள்ளி விடுமுறையில் என் முன்னாள் மாணவி ஒருத்தி தன் அப்பாவுடன் வீட்டுக்கு வந்திருந்தாள். ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு, பல்லூடகத் துறையில் படிக்கப் போகிறாள். அப்பா லாரி ஓட்டுநர். அவர் கையில் நான்கு கடைகளின் விளம்பரத் தாள்கள்.

“டீச்சர், எல்லாத்துலயும் ஒரே மாதிரிதான் எழுதியிருக்கு. ஆனா விலை மட்டும் ரெண்டாயிரம் வெள்ளி வித்தியாசம். எதை வாங்குறது? தவணையிலதான் கட்டப் போறேன், தப்பா வாங்கிட்டா மாத்த முடியாது” என்றார்.

நியாயமான கவலை. காணொளித் தொகுப்பு, வரைகலை, அசைவூட்டம் போன்ற வேலைகளுக்கு மடிக்கணினி வாங்குவோர் எல்லாருக்கும் இந்தக் குழப்பம் வருகிறது. பள்ளிக்காக வாங்கும் ஆசிரியர்களும் இதில் அடக்கம். அன்று அவரிடம் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

1. பெயர் ஒன்று, வேகம் வேறு

விளம்பரத்தில் “கோர் ஐ7” என்று போட்டிருந்தால் போதாது. எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தையும் பாருங்கள். இன்டெல் 13-ஆம் தலைமுறையில் ஐ7-1355யு, ஐ7-13700எச் என இரண்டு புராசசர்கள் உள்ளன. இரண்டுமே ஐ7தான். ஆனால் முன்னதன் அடிப்படை மின்திறன் 15 வாட், அதில் 10 கோர்கள். பின்னதற்கு 45 வாட், 14 கோர்கள். முதலாவது கட்டுரை எழுத, இணையம் பார்க்க நன்றாக இருக்கும். மணிக்கணக்கில் காணொளி தொகுக்க இரண்டாவதுதான் ஏற்றது.

கிராபிக்ஸ் சில்லிலும் இதே கதைதான். மடிக்கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 4060 சில்லை, தயாரிப்பாளர் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் அமைக்கலாம். ஒரே அடுப்பை ஒரு வீட்டில் சிறு தீயிலும் இன்னொரு வீட்டில் பெரும் தீயிலும் எரிப்பது போல. வாட் இருமடங்கானால் வேகமும் இருமடங்காகும் என்பதில்லை. என்றாலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். வாட் அளவு விளம்பரத் தாளில் இருக்காது. தயாரிப்பாளரின் இணையப்பக்கத்தில் தேடிப் பாருங்கள், இல்லையென்றால் கடைக்காரரிடம் கேளுங்கள்.

2. சூடுதான் உண்மையான தேர்வு

சில ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு மெல்லிய மடிக்கணினியை ஆசைப்பட்டு வாங்கினேன். பள்ளி விளையாட்டுப் போட்டியின் காணொளியைத் தொகுத்தபோது முதல் பத்து நிமிடம் பறந்தது. பிறகு விசைப்பலகை சுட்டது, வேலை ஊர்ந்தது. மறுநாள் சபைகூடலில் காட்ட வேண்டிய காணொளி அன்றிரவு முடியவே இல்லை.

காரணம் எளிது. வேலை செய்யும் சில்லு சூடாகும். அந்தச் சூட்டை விசிறியும் செப்புக் குழாய்களும் வெளியேற்ற வேண்டும். முடியாதபோது, சில்லு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானாகவே குறைத்துக்கொள்ளும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு 2020-இல் வந்த இரண்டு ஆப்பிள் கணினிகள். மேக்புக் ஏர், 13 அங்குல மேக்புக் புரோ ஆகிய இரண்டிலும் எம்1 சில்லுதான். ஏரில் விசிறி இல்லை, புரோவில் உண்டு. சிறு வேலைகளில் இரண்டும் ஏறக்குறைய சமம். நீண்ட காணொளியை ரெண்டர் செய்யும்போது ஏர் மெதுவாகும், புரோ அதே வேகத்தில் போகும். ஆகவே கடையில் இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்த்து வேகத்தை முடிவு செய்யாதீர்கள்.

3. உடற்கட்டைக் கையால் சோதியுங்கள்

மேக்புக் புரோவின் உடல் 2008 முதல் ஒரே அலுமினியக் கட்டியைக் குடைந்து செய்யப்படுகிறது. திங்க்பேட் எக்ஸ்1 கார்பன், 2012 முதல் கார்பன் இழையைப் பயன்படுத்துகிறது. அலுமினியம் விறைப்பானது, ஆனால் விழுந்தால் நசுங்கித் தழும்பு விழும். கார்பன் இழை எடை குறைவு. பிளாஸ்டிக் என்றாலே மட்டம் என்று நினைக்க வேண்டாம். உள்ளே நல்ல உலோகச் சட்டம் இருந்தால் அதுவும் உழைக்கும்.

“இராணுவத் தரம்” என்று சொல்லி விற்பார்கள். மில்-எஸ்டிடி-810 என்பது அமெரிக்க இராணுவத்தின் சோதனை முறைகளின் தொகுப்பு. எந்தெந்தச் சோதனைகளைச் செய்வது என்பதைத் தயாரிப்பாளரே தேர்ந்தெடுக்கிறார். அதற்காகக் கீழே போட்டுப் பார்த்துவிடாதீர்கள்!

கடையில் செய்யக்கூடிய நான்கு சோதனைகள்:

- ஒரு மூலையை மட்டும் பிடித்துத் தூக்குங்கள். உடல் வளைகிறதா, கிறீச்சிடுகிறதா?
- விசைப்பலகையின் நடுவில் அழுத்துங்கள். உள்ளே அமுங்குகிறதா?
- திரையைத் திறந்து மூடிப் பாருங்கள். கீல் ஆடுகிறதா?
- மின்னூட்டியையும் சேர்த்துத் தூக்கிப் பாருங்கள். தினமும் பேருந்தில் சுமக்க முடியுமா?

மெல்லியதாக இருப்பதே தரம் ஆகாது. ஆப்பிள் 2015-இல் 12 அங்குல மேக்புக்கில் மிக மெல்லிய ‘பட்டர்ஃபிளை’ விசைப்பலகையைக் கொண்டு வந்தது. விசைகள் சிக்கிக்கொள்வதாகப் புகார்கள் எழுந்ததால் 2018-இல் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் அறிவித்தது. 2019 இறுதியில் பழைய வகைக்கே திரும்பத் தொடங்கியது. 2016-இல் மேக்புக் புரோவில் எடுத்துவிட்ட எச்டிஎம்ஐ துளையும் எஸ்டி அட்டைத் துளையும் 2021-இல் மீண்டும் வந்தன. வகுப்பறையில் புரொஜெக்டர் இணைக்கும் நமக்கு இந்தத் துளைகளின் அருமை தெரியும்.

4. நினைவகம்: பிறகு பார்த்துக்கலாம் என்பது ஆபத்து

டாவின்சி ரிசால்வ் என்ற தொகுப்பு மென்பொருளுக்கு ஓர் இலவசப் பதிப்பும் உண்டு. அதற்கு அதன் நிறுவனம் 16 ஜிபி ரேம் பரிந்துரைக்கிறது. சிறப்புத் தோற்றப் பணிகளுக்கு 32 ஜிபி. மேக்புக்குகளிலும் மெல்லிய கணினிகள் பலவற்றிலும் ரேமைப் பின்னர் கூட்ட முடியாது. வாங்கும் நாளில் உள்ளதுதான் கடைசிவரை. தடித்த ‘வொர்க்ஸ்டேஷன்’ வகைகள் பலவற்றில் காலித் துளை இருக்கும். கோப்புகளைச் சேமிக்கும் இடம் குறைந்தால் வெளி வட்டு வாங்கிச் சமாளிக்கலாம். ரேமுக்கு அந்த வழி இல்லை.

5. திரையின் நிறம்

“45% என்டிஎஸ்சி” என்று கண்டால் வரைகலைக்கு வேண்டாம். அது எஸ்ஆர்ஜிபி வண்ணங்களில் ஏறக்குறைய 60 விழுக்காட்டையே காட்டும். நீங்கள் திரையில் பார்த்த சிவப்பு, அச்சகத்திலிருந்து வரும்போது வேறாக இருக்கும். “100% எஸ்ஆர்ஜிபி” என்பதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள்.

6. வேகத்தால் தீராத ஒரு சிக்கல்

இன்டிசைனில் தமிழ் தட்டச்சு செய்தால் கொம்பு இடம் மாறி நிற்கிறது, அதனால் புதுக் கணினி வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். கணினிமேல் குற்றமில்லை. பத்திப் பலகத்தின் மெனுவில் ‘வோர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள், எழுத்து சரியாகிவிடும். இதற்குச் செலவு ஒரு காசும் இல்லை.

முடிவாக

அந்த மாணவியின் நான்கு தாள்களில் மிக மெல்லியதையும் 8 ஜிபி உள்ளதையும் முதலில் ஒதுக்கினோம். மிஞ்சிய இரண்டில் விலை கூடியதற்குக் காரணம் 4கே திரை. அவளுடைய முதல் ஆண்டுப் பாடங்களுக்கு அது தேவையில்லை. மற்றதில் எச் வகை புராசசர், 16 ஜிபி ரேம், ஒரு காலித் துளை, முழு எஸ்ஆர்ஜிபி திரை இருந்தன. கொஞ்சம் தடிமன், கொஞ்சம் கனம். “கனமா இருந்தா பரவால்ல டீச்சர், நான் தூக்கிக்குவேன்” என்றாள். அப்பா மீதித் தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி: இரண்டு விளம்பரத் தாள்களை எடுத்துக்கொள்ளுங்கள். புராசசர், சூடு தாங்கும் திறன், உடற்கட்டு, நினைவகம், திரை என்ற ஐந்து கூறுகளில் ஒப்பிட்டு, கூறுக்கு ஒரு பத்தி எழுதுங்கள். ஒவ்வொரு பத்தியிலும் “யாருக்கு, எந்த வேலைக்கு” என்ற கேள்விக்குப் பதில் இருக்கட்டும். தாளில் இல்லாத விவரம் எது என்பதையும் குறித்து வையுங்கள். கடையில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.