பிடித்த வரியும் பெற்ற சான்றும்



கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களில் கணக்காளர், பொறியியலாளர், சட்டத்தரணி, மென்பொருள் வல்லுநர் எனச் சுயாதீனமாகத் தொழில் புரிவோர் பலர் உளர். இவர்களுக்கு மாதச் சம்பளம் இல்லை. ஒப்புக்கொண்ட பணி முடிந்ததும் கூலி கைக்கு வரும். அக்கூலி சில வேளைகளில் சற்றுக் குறைந்து வருவதேன் என்பதையே இன்று ஆராய்வோம்.

நம் நாட்டில் வருமான வரி 1932ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தால் அறிமுகமாயிற்று. இன்று நடைமுறையில் இருப்பது 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம். அதற்கு 2022இல் வந்த திருத்தத்தின்படி, இத்தகைய சேவை புரியும் ஒருவருக்கு ஒரு மாதத்தில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேல் கொடுக்கும் நிறுவனம், அதில் நூற்றுக்கு 5 வீதத்தைப் பிடித்து இறைவரித் திணைக்களத்துக்குச் செலுத்த வேண்டும். இவ்விதி 2023 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. இதுவே நிறுத்திவைத்தல் வரி. தம் சொந்த வீட்டுத் தேவைக்காகப் பணம் கொடுப்பவருக்கு இக்கடமை இல்லை. தொழில் நடத்துவோருக்கே உண்டு.

பிடித்த பணம் தொலைந்துபோன பணமன்று, அது முற்பணமேயாகும். உதாரணமாக, ஒரு பொறியியலாளர் வியாபார நிலையங்களுக்குக் கட்டட வரைபடம் வரைந்து, மூன்று மாதங்களில் மாதம் 2,00,000 ரூபா வீதம் பெறுகிறார் என்று கொள்வோம். மாதம் 10,000 வீதம் 30,000 ரூபா பிடிக்கப்படும். 2025 ஏப்ரல் 1இல் தொடங்கிய மதிப்பாண்டில் அவருடைய முழு வருமானம், செலவு நீங்கலாக, 21 இலட்சம் என்க. சட்டம் தரும் தனியாள் நிவாரணம் 18 இலட்சம். மீதி 3 இலட்சத்துக்கு 6 வீதப்படி வரி 18,000 ரூபாவே. ஆகவே 12,000 ரூபா அவருக்கு மீள வரவேண்டும்.

ஆனால் அது தானாக வந்து சேராது. மதிப்பாண்டு முடிந்தபின், வரும் நவம்பர் 30க்குள் அவர் வருமான வரி விவரத்திரட்டைக் கையளிக்க வேண்டும். பிடித்த தொகைக்கு ஆதாரமாவது, பணம் கொடுத்தவர் வழங்கும் சான்றிதழ். அது இல்லையேல் உரிமையை நிலைநாட்டுவது கடினம். எனவே பணம் பெறும்போதே அதனையும் கேட்டு வாங்குதல் நன்று.

கொடுப்பவருக்கும் ஒரு சொல். பிடித்த வரியை மாதம் முடிந்து 15 நாட்களுக்குள் செலுத்த வேண்டும். பிடிக்கத் தவறினாலும், பிடித்ததைச் செலுத்தத் தவறினாலும், அப்பொறுப்பு அவர் தலைமீதே விழும். பிடித்ததைப் பெட்டியிற் பூட்டி வைப்பவர், அரசின் பணத்தை மட்டுமன்றித் தமக்காக உழைத்தவரின் முற்பணத்தையும் முடக்கி வைக்கிறார்.

கடைக்காரர் கடன் கொப்பியை எவ்வளவு கவனமாகப் பேணுகிறாரோ, அவ்வளவு கவனமாக இச்சான்றிதழ்களையும் இரு தரப்பாரும் பேணுவாராக. ஒருவர் எழுதியது மற்றவர் கணக்கோடு ஒத்துப்போனால், உழைத்தவருக்கு உரியது அவரையே வந்தடையும்.