சூடு தாங்குமா உங்கள் புல்லட்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையில் பார்த்தால், பழவேற்காடு ஏரிக்கும் நேலப்பட்டு பறவைகள் சரணாலயத்துக்கும் கிளம்பிய புல்லட்கள் அணிவகுத்துப் போகும். சில வண்டிகளில் பெரிய பிஸ்டன், அகலமான கார்புரேட்டர், தடையில்லாத சைலன்ஸர் எல்லாம் ஏறியிருக்கும். கும்மிடிப்பூண்டி வரை பறப்பார்கள். எளாவூர் சோதனைச்சாவடி அருகே லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால்தான் வண்டிக்குச் சோதனை.

காரணம், காற்று. சென்னைத் திருவொற்றியூரில் 1950-களிலிருந்து உருவான புல்லட்டுக்கு ரேடியேட்டர் கிடையாது. சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடு போன்ற 'ஃபின்'களில் மோதும் காற்றுதான் சூட்டைத் தணிக்கும். நம் கடலோர ஃபைபர் படகுகள் பலவற்றிலும் காற்றால் குளிரும் டீசல் இன்ஜின்தான். ஆனால் அதில் ஃப்ளைவீலோடு சேர்ந்த விசிறி இருக்கிறது. படகு நின்றாலும் காற்றடிக்கும். புல்லட்டுக்கு, ஓடினால்தான் காற்று.

பவர் கூடினால் சூடும் கூடும்

பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குகூட சக்கரத்துக்குப் போவதில்லை. மீதியில் பெரும்பகுதி வெப்பம். 70 மி.மீ. பிஸ்டன் கொண்ட 346 சி.சி. இன்ஜினைப் போரிங் செய்து பெரிதாக்கினால் எரியும் பெட்ரோல் கூடும். ஃபின்கள் மட்டும் அதே அளவில் இருக்கும். கம்பெனியே 2016-ல் வந்த ஹிமாலயனுக்கும், 2018-ல் வந்த 650 சி.சி. வண்டிகளுக்கும் ஆயில் கூலர் வைத்தது. 2023-ல் வந்த புதிய ஹிமாலயனுக்கு ரேடியேட்டரே வைத்துவிட்டது.

பழைய புல்லட்டில் சிலிண்டர் வார்ப்பிரும்பு, பிஸ்டன் அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட இரண்டு மடங்கு வரை விரியும். இடைவெளி போதாவிட்டால் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். 80 கி.மீ. வேகத்தில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

என்ன செய்யலாம்?

* சைலன்ஸரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றினால் ஜெட்டையும் மாற்றியே ஆக வேண்டும். ஸ்பார்க் பிளக் வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, இன்ஜின் கூடுதலாகச் சூடாகிறது என்று பொருள். இளம்பழுப்பு நிறம்தான் நல்லது.

* பெரிய பிஸ்டனுக்கு எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதை பிஸ்டன் தயாரிப்பாளர் சொன்ன கணக்கில் அளந்து போரிங் செய்யுங்கள். புது பிஸ்டனை முதல் சில நூறு கிலோமீட்டருக்கு விரட்டாதீர்கள்.

* பிஸ்டனின் சூட்டை வாங்கி வருவதில் ஆயிலுக்கும் பங்கு உண்டு. அளவைப் பார்க்காமல் நெடும்பயணம் கிளம்ப வேண்டாம். பவரைப் பெரிதாகக் கூட்டினால் ஆயில் கூலரும் சேர்த்தே பொருத்துங்கள்.

* ஃபின்களில் படியும் சேற்றையும் உப்பையும் கழுவுங்கள். கனமான பெயின்ட் பூசாதீர்கள். முன்பக்க கார்டில் பை, கேன் மாட்டிக் காற்றை மறைக்காதீர்கள்.

* வரிசையில் நிற்க நேர்ந்தால் இன்ஜினை அணைத்துவிடுங்கள். கொதிக்கும் இன்ஜினில் தண்ணீர் ஊற்றவே கூடாது. வார்ப்பிரும்பு விரிசல் விடலாம்.

* ஏற்றத்தில் 'கிண் கிண்' சத்தம், திடீரென இழுவை குறைவது இரண்டும் எச்சரிக்கைகள். உடனே கிளட்ச்சைப் பிடித்து ஓரங்கட்டுங்கள்.

இன்னொன்று: இன்ஜினை மாற்றும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். சட்டம் எல்லா மாற்றத்தையும் அனுமதிப்பதில்லை.

பவருக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைக் குளிர்ச்சிக்கும் ஒதுக்குங்கள். ஃபிளமிங்கோ பார்க்கப் போனவர், பார்த்துவிட்டு வீடு திரும்ப வேண்டுமே!