தண்ணீர் தருபவளுக்குத் தாகம் எடுத்தால்?

விமானம் மேலே ஏறிச் சமனாகப் பறக்கத் தொடங்கியதும் பிரயாணிகளில் பலர் கேட்பது தண்ணீர்தான். கேட்டவுடன் சிரித்த முகத்துடன் ஒரு பெண் கொண்டுவந்து கொடுக்கிறாள். சரி, அவளுக்குத் தாகம் எடுத்தால்? அவளுக்கு யார் கொடுப்பது? அசட்டுக் கேள்வி என்று ஒதுக்கிவிடாதீர்கள். பஸ் ஓடுவதைப் போல விமானங்கள் ஓடும் அமெரிக்காவிலேயே இதற்கு நேரான பதில் கிடைப்பது கஷ்டம்.

முதலில் அந்தத் தாகத்தைப் பார்ப்போம். 35,000 அடி உயரத்தில் வெளியே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரிக்கும் அதிகம். அங்கே காற்றில் ஈரம் என்பது பெயருக்குத்தான். பெரும்பாலான ஜெட் விமானங்களில் அந்தக் காற்றைத்தான் எஞ்சின் வழியாக இழுத்து, அழுத்தி, பக்குவப்படுத்தி உள்ளே விடுகிறார்கள். ஆகவே விமானத்துக்குள் ஈரப்பதம் சாதாரணமாக 20 சதவிகிதத்துக்கும் கீழே. காற்றழுத்தமோ 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பதைப் போல. நம் ஊட்டியின் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஊட்டியின் பனிமூட்டம் மட்டும் கிடையாது!

உதடு வெடிக்கும், கண் உறுத்தும், மூக்கு காயும். ஆனால் இந்த வறட்சி மாத்திரமே உடம்பிலுள்ள நீரை வற்றச் செய்துவிடாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லியிருக்கிறது. உட்கார்ந்து தூங்கிக்கொண்டு வருகிறவருக்கு அது ஆறுதல்தான். கனத்த தள்ளுவண்டியை முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டு, ஒரே நாளில் மூன்று நான்கு விமானங்கள் ஏறி இறங்குகிறவளின் விஷயம் வேறு. உடம்பை அசைத்து வேலை செய்கிறவர் யாராயிருந்தாலும் தண்ணீர் வேண்டும் அல்லவா?

1930-ஆம் ஆண்டு மே 15-ந் தேதி எல்லன் சர்ச் என்ற நர்ஸ் உலகின் முதல் விமானப் பணிப்பெண்ணாக ஆகாயத்தில் ஏறினார். அப்போது சேர்ந்த எட்டுப் பேரும் நர்ஸுகளே. பிரயாணிகளின் உடல்நலத்தைக் கவனிக்க ஆள் வேண்டும் என்றுதான் அவர்களை எடுத்தார்கள். கவனிக்கிறவர்களின் உடல்நலம்?

அமெரிக்காவில் ஆபீஸானாலும் ஆலையானாலும் குடிக்கத் தகுந்த தண்ணீர் வைத்தாக வேண்டும் என்று தொழில் பாதுகாப்பு இலாகாவின் விதி இருக்கிறது. ஆனால் 1975-ல் விமானப் போக்குவரத்து இலாகா குறுக்கே வந்து, பறக்கும் சிப்பந்திகளின் பாதுகாப்பு எங்கள் பொறுப்பு என்று சொல்லிவிட்டது. தரையில் இருக்கும் குமாஸ்தாவுக்குள்ள விதி விமானத்தின் படிக்கட்டோடு நின்றுபோயிற்று! 2013-ல் மனமிரங்கி மூன்று விதிகளை மட்டும் விமானத்துக்குள் அனுமதித்தார்கள். ரசாயனப் பொருள்களைப் பற்றிய எச்சரிக்கை ஒன்று, ரத்தத்தின் மூலம் பரவும் நோய்களுக்குக் காப்பு ஒன்று, இரைச்சலிலிருந்து காதுக்குக் காப்பு ஒன்று. குடிநீர் அந்த மூன்றில் இல்லை.

"விமானத்திலேயே தண்ணீர்த் தொட்டி இருக்கிறதே?" என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. 2004-ல் சுற்றுப்புறப் பாதுகாப்பு இலாகாவினர் 327 விமானங்களின் தண்ணீரைச் சோதித்தார்கள். ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்தில், அசுத்தத்துக்கு அறிகுறியான கோலிஃபார்ம் கிருமிகள் இருந்தன. (காபியும் அநேகமாக அந்தத் தொட்டித் தண்ணீரில்தான் போடுகிறார்கள் என்பதை இங்கே சொல்லாமல் விட்டிருக்கலாம்!) பிறகு 2009-ல் விதி போட்டு, 2011-லிருந்து தொட்டியைக் கழுவி மருந்திடவும் தண்ணீரைச் சோதிக்கவும் கட்டாயமாக்கினார்கள். தொட்டியை எவ்வளவு அடிக்கடி சுத்தம் செய்கிறார்களோ அவ்வளவுக்குச் சோதனையைக் குறைத்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் விஷயம் தெரிந்தவர்கள் புட்டித் தண்ணீரையே நாடுகிறார்கள். புட்டியோ கம்பெனி எண்ணி ஏற்றுகிற சாமான். ஒரு லிட்டர் ஒரு கிலோ. ஒவ்வொரு கிலோவுக்கும் எண்ணெய் எரியும்.

2007 பிப்ரவரி 14 அன்று நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் பனிப்புயல். புறப்படவும் முடியாமல், இறங்கவும் விடாமல், சில விமானங்களில் ஜனங்கள் பத்து மணி நேரம் வரை அடைபட்டுக் கிடந்தார்கள். நாடெங்கும் கூச்சல் எழுந்தது. 2010 ஏப்ரல் முதல், விமானம் தரையில் தாமதித்தால் இரண்டு மணி நேரத்துக்குள் பிரயாணிகளுக்கு ஆகாரமும் குடிநீரும் தரவேண்டும் என்று விதி வந்தது. நியாயம்தான். ஆனால் விதியில் இருப்பது பிரயாணி என்ற சொல். அதே விமானத்தில் அதே மணிக்கணக்கில் அடைபட்டுக்கொண்டு, அந்தத் தண்ணீரை ஊற்றிக் கொடுப்பவளைப் பற்றி அந்த இரண்டு மணிக் கணக்கில் பேச்சில்லை.

இன்னொரு சங்கதி, பெண்களுக்குச் சொல்லாமலே புரியும். நெடுந்தூரம் பஸ்ஸில் போகும்போது நம்மில் எத்தனை பேர் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறோம்? விமானத்திலும் கழிப்பறை வாசலில் பிரயாணிகளின் வரிசை. நடுவில் நுழைய நேரம் வாய்க்காது. தண்ணீர் இருந்தும் குடிக்காமல் இருப்பது சுலபமாகத் தோன்றிவிடுகிறது. ஆகவே புட்டி கொடுத்தால் போதாது, குடிக்க ஐந்து நிமிஷமும் கொடுக்கவேண்டும்.

செலவு என்ன ஆகிவிடும்? 150 ஆசனமுள்ள விமானத்துக்கு அமெரிக்க விதிப்படி குறைந்தது மூன்று பணியாளர்கள், இரண்டு விமானிகள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தனியாக ஒதுக்கினாலும் மொத்தம் பத்துக் கிலோ. அதே விமானத்தில் பிரயாணி ஒருவர் சாமான் அறைக்கு அனுப்பும் பெட்டி ஒன்று 23 கிலோ வரை இருக்கலாம்.